கொச்சி வழியாக லட்சத்தீவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சியில் கப்பல் ஏறி லட்சத்தீவு போக நினைக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே உள்ளன. கட்டணமும் கப்பல் அட்டவணையும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் அன்றைக்கு லட்சத்தீவு நிர்வாகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏன் கொச்சி வழியாகத்தான் போக வேண்டும்? தூத்துக்குடியிலிருந்து முடியாதா?

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து தோணிகள் லட்சத்தீவுக்குப் போகின்றன. ஆனால் அவை சரக்குத் தோணிகள். காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றுவார்கள், பயணிகளை ஏற்றுவதில்லை. கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள பேப்பூரிலிருந்து கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் சிறு விரைவுக் கப்பல்கள் ஓடியிருக்கின்றன. அந்தச் சேவை நிலையானதல்ல, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெரிய பயணிகள் கப்பல்கள், நிர்வாகத்தின் அலுவலகம், தீவுச் சுற்றுலாக்களை நடத்தும் 'ஸ்போர்ட்ஸ்' (SPORTS) என்ற அரசு அமைப்பின் அலுவலகம் ஆகிய மூன்றும் கொச்சியின் வில்லிங்டன் தீவில்தான் இருக்கின்றன.

கொச்சியிலிருந்து கல்பேனி 287 கி.மீ., ஆந்த்ரோத் 293 கி.மீ., மினிக்காய் 398 கி.மீ., தலைநகர் கவரத்தி 404 கி.மீ., அகத்தி 459 கி.மீ. தீவையும் வழியில் நிற்கும் இடங்களையும் பொறுத்துக் கப்பலில் 14 முதல் 18 மணி நேரம் ஆகும். சில நேரம் அதற்கு மேலும் ஆகும்.

மொத்தம் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

தீவில் எத்தனை நாள் என்பதை முதலில் எழுதுங்கள். அதன் முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் கொச்சிக்கென்று சேருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சத்தீவுப் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் தீவில் அல்ல, கொச்சியில்தான். காலையில் ரயிலில் இறங்கி மதியம் கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். ரயில் மூன்று மணி நேரம் தாமதமாகிறது, அல்லது அன்றைக்குக் கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்து ஆட்டோ ஓடுவதில்லை. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. தவறவிட்டால் அதே தீவுக்கு அடுத்த கப்பல் மறுநாளே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை.

திரும்பும்போது நிலைமை இன்னும் சிக்கல். கடல் சரியில்லை என்றால் தீவிலிருந்து புறப்படுவதே தள்ளிப்போகும். வழியில் இன்னொரு தீவில் நோயாளியை ஏற்ற வேண்டி வரலாம். கப்பல் வந்து சேர வேண்டிய அன்றைக்கே சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுப்பது வேண்டாம். கப்பல் தாமதத்தால் ரயிலை விட்டால் அந்தப் பணம் போனதுதான். மறுநாள் இரவு ரயில்தான் பாதுகாப்பு.

சொந்த நாட்டுக்குள்தானே போகிறோம், பர்மிட் எதற்கு?

1967-ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவுவாசிகள் அல்லாத எவரும் லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதி பெற வேண்டும். தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே 64,473தான். எல்லாத் தீவுகளையும் சேர்த்தாலும் 32 சதுர கி.மீ. நிலம். மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். அவ்வளவு சிறிய இடத்தில் கட்டுப்பாடில்லாமல் ஆட்கள் வந்து இறங்கினால் நிலமும் தண்ணீரும் தாங்காது. விதியை எரிச்சலோடு பார்க்காமல், ஒரு வீட்டுக்குள் போகும் முன் கதவைத் தட்டுவதாக எடுத்துக்கொண்டால் அலைச்சல் பெரிதாகத் தெரியாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1 வரை இந்தத் தீவுகள் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. அமினிதீவுகள் தென்கன்னட மாவட்டத்திலும் மற்றவை மலபார் மாவட்டத்திலும் சேர்ந்திருந்தன.

பர்மிட் வாங்குவது எப்படி?

இரண்டு வழிகள் உண்டு. 'ஸ்போர்ட்ஸ்' நடத்தும் தொகுப்புச் சுற்றுலாவில் போனாலோ, அங்கீகாரம் பெற்ற பயண முகவர் மூலம் போனாலோ, விண்ணப்பத்தை அவர்களே கையாள்வார்கள். ஆவணங்களை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். தனியாகப் போகிறவர்கள் நிர்வாகத்தின் இ-பர்மிட் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தீவில் தங்கப்போகும் இடமும் பொறுப்பேற்கும் உள்ளூர்க்காரரும் வேண்டும். பதிவு பெற்ற ஹோம்ஸ்டே என்றால் அவர்களே அந்தப் பொறுப்பை ஏற்று வழி சொல்வார்கள்.

முதலில் தொடங்க வேண்டியது காவல் துறையின் நன்னடத்தைச் சான்று. இங்கேதான் அதிக நாள் ஓடும். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் தனிநபர் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால், உங்கள் பகுதி நிலையத்திலிருந்து விசாரித்துச் சான்று தருவார்கள். ஆதாரில் இருப்பது பழைய வீட்டு முகவரி என்றால் விசாரணை அந்தப் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடும். ஆகவே சான்றுக்கு விண்ணப்பிக்கும் முன்பே முகவரியைத் திருத்துங்கள். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் இந்த வேலையைத் தொடங்கினால் நிம்மதி.

சான்று வந்ததும் அடையாள அட்டை, புகைப்படம், தங்குமிட விவரம் ஆகியவற்றோடு பர்மிட்டுக்கு விண்ணப்பம் போடலாம். விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 50 ரூபாய். அதோடு 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 200 ரூபாயும் 12 முதல் 18 வரையுள்ளவர்களுக்கு 100 ரூபாயும் பாரம்பரியக் கட்டணமாக வாங்குவது வழக்கம். பர்மிட்டில் எந்தத் தீவு, எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கும். கவரத்திக்கு வாங்கிய பர்மிட்டை வைத்துக்கொண்டு அப்படியே மினிக்காய் போக முடியாது. எங்கெல்லாம் போக எண்ணமோ அத்தனையையும் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக் குடிமக்களுக்குச் சில தீவுகள் மட்டுமே திறந்திருக்கின்றன. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எதையும் முன்பதிவு செய்வதற்கு முன் நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனிஷியலால் சிக்கல் வரும் என்கிறார்களே?

உண்மைதான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கே உரிய தலைவலி இது. ஆதாரில் 'முருகன் எஸ்', காவல் துறைச் சான்றில் 'எஸ். முருகன்', கப்பல் டிக்கெட்டில் 'முருகன் சுப்பிரமணியன்' என்று மூன்று விதமாக இருந்தால் கப்பல் ஏறும் முன் ஆவணங்களையும் பெட்டிகளையும் சோதிக்கும் ஸ்கேனிங் சென்டரில் வரிசையை விட்டு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே மற்ற எல்லாவற்றிலும் நிரப்புங்கள். படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று வந்தால் இனிஷியலை விரித்து எழுதத் தோன்றும். ஆதாரில் எழுத்தாக இருந்தால் இங்கும் எழுத்தாகவே போடுங்கள். முகவர் உங்களுக்காக நிரப்பினால், அனுப்புவதற்கு முன் திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லிச் சரிபாருங்கள்.

கப்பல் டிக்கெட் எப்படி எடுப்பது? எந்த வகுப்பு நல்லது?

பர்மிட் இல்லாமல் டிக்கெட் இல்லை. தொகுப்புச் சுற்றுலாவில் டிக்கெட்டும் சேர்ந்தே வரும். அவற்றில் பெயர் பெற்றது 'சமுத்திரம்'. ஐந்து நாள் பயணத்தில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் காட்டுவார்கள். பகலில் தீவு, இரவில் கப்பல். தங்குமிடம் தேட வேண்டியதில்லை என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் இது பொருத்தம். தீவின் மாலையும் இரவும் கிடைக்காது என்பதுதான் இதன் குறை.

கப்பல்களில் எம்.வி. கவரத்தி எல்லாவற்றிலும் பெரியது, 700 பேர் போகலாம். எம்.வி. கோரல்ஸ், எம்.வி. லகூன்ஸ் ஆகிய இரண்டும் கொழும்புக் கப்பல் கட்டுந்தளத்தில் கட்டியவை, ஒவ்வொன்றிலும் 400 பேர். இவை தவிரச் சிறிய கப்பல்களும் உண்டு. முதல் வகுப்பு அறையில் இரண்டு படுக்கைகளும் இரண்டாம் வகுப்பில் நான்கும் இருக்கும். பங்க் வகுப்பு பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கைகள்.

தனியாகவோ நண்பர்களோடோ போகிறீர்கள் என்றால் பங்க் வகுப்பே போதும். தீவுக்காரர்கள் பெரும்பாலும் அதில்தான் வருவார்கள். எந்தத் தீவில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் படகு எப்போது போகும் என்பதெல்லாம் கரையேறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஒரு போர்வையும் தலையணை உறையும் எடுத்துப் போங்கள், உள்ளே ஏ.சி. குளிர் அதிகம். பச்சைக் குழந்தையும் குமட்டலுக்கு அஞ்சும் பெரியவர்களும் இருந்தால் இரண்டாம் வகுப்பு எடுங்கள்.

எப்போது பார்த்தாலும் இடம் இல்லை என்கிறார்கள். ஏன்?

இது தீவுக்காரர்களின் பேருந்து. எர்ணாகுளம் மருத்துவமனைகளுக்கு வந்துபோகும் நோயாளிகள், கேரளத்தில் படிக்கும் பிள்ளைகள், கல்யாணச் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தச் சில கப்பல்கள்தான். அவர்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதுதான் நமக்கு. இதற்கிடையில் ஒரு கப்பல் பழுதுபார்க்கப் போய்விட்டால் இருக்கும் இடமும் சுருங்கிவிடும். ரம்ஜான், பக்ரீத், கோடை விடுமுறையை ஒட்டிய நாட்களில் தீவுக்காரர்களே இடமின்றித் துறைமுகத்தில் காத்துக் கிடப்பார்கள். அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் பயணம் ரத்தானால், பணம் எவ்வளவு திரும்பும் என்று பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். காலியாகப் போகும் ஒரு படுக்கை, டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பக் காத்திருக்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது.

விமானத்தில் போனால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

கொச்சியிலிருந்து அகத்திக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கேயும் பர்மிட் காட்டித்தான் ஏற முடியும். அகத்தியின் ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான். ஜெட் விமானம் இறங்காது, விசிறி வைத்த ஏ.டி.ஆர். மட்டுமே. அதையும் முழுச் சுமையோடு இயக்க முடியாது. அதனால் பெட்டி எடையில் கறாராக இருப்பார்கள். டிக்கெட்டில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் பிரச்சினை வரலாம். மழை பிடித்தால் ரத்தும் ஆகும்.

அகத்தி, பங்காரம் மட்டும் போகிறீர்கள் என்றால் விமானம் நல்லதே. கவரத்திக்கோ கட்மத்துக்கோ போவதாக இருந்தால் அகத்தியிலிருந்து மறுபடியும் படகோ கப்பலோ பிடிக்க வேண்டும். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது பலருக்கும் ஒத்துவருகிறது.

எர்ணாகுளத்தில் எந்த ஸ்டேஷனில் இறங்குவது? அங்கிருந்து வில்லிங்டன் தீவுக்கு எப்படிப் போவது?

எர்ணாகுளம் ஜங்ஷன்தான் வசதி, ஊர்க்காரர்கள் 'சவுத்' என்பார்கள். அங்கிருந்து தேவரா வழியாக வெண்டுருத்திப் பாலம் தாண்டினால் வில்லிங்டன் தீவு. ஆட்டோவில் போய்விடலாம். சென்னையிலிருந்து ஆலப்புழை எக்ஸ்பிரஸும், திருச்சி, கோவை பக்கத்திலிருந்து காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸும் ஜங்ஷனுக்கு வரும். திருவனந்தபுரம் மெயில், கன்னியாகுமரியிலிருந்து வரும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஆகியவை 'நார்த்' எனப்படும் எர்ணாகுளம் டவுனில் நிற்கும். அங்கிருந்தும் ஆட்டோதான், தூரம் கொஞ்சம் கூடுதல். ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் உள்ள தீவு இந்த வில்லிங்டன் தீவேதான். ஒரு காலத்தில் அந்த ரயில் துறைமுக முனையம் வரை ஓடியது.

தேவராச் சந்திப்பில் காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையே வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் நகரத்தைக் கடந்தாக வேண்டும், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகில் சில ரூபாயில் வில்லிங்டன் தீவுக்கு வரலாம். அலுவலக வேலைக்கு வெறுங்கையோடு போக அது அருமை. பெட்டியோடு கப்பல் ஏறும் அன்றைக்கு வேண்டாம்.

ஆட்டோக்காரரிடம் 'துறைமுகம்' என்று மட்டும் சொன்னால் வல்லார்பாடம் சரக்கு முனையத்துக்கோ தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்கோ கொண்டுபோய் விட்டுவிடலாம். 'ஐலண்ட், லட்சத்வீப் கப்பல், ஸ்கேனிங் சென்டர்' என்று சொல்லுங்கள், சரியாகப் புரியும்.

முந்தின இரவு எங்கே தங்குவது?

வில்லிங்டன் தீவில் விடுதிகள் குறைவு, இருப்பவை விலை கூடியவை. எர்ணாகுளம் சவுத் ஸ்டேஷன் சுற்றுவட்டாரத்தில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும், இரவில் சாப்பாடும் கிடைக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கமுள்ள தோப்பும்படியில் வாடகை இன்னும் குறைவு. குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் தங்கள் விசைப்படகுகளுடன் தங்கித் தொழில் செய்யும் இடம் அது. டீக்கடையில் தமிழ் சரளமாகக் கேட்கும். தீவுக் கடலின் அன்றைய நிலைமையை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்ல ஆளில்லை.

கொச்சியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டியவை என்ன?

மருந்துதான் முதலில். நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரையைப் பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தீவுகளில் மருத்துவமனை உண்டு, ஆனால் உங்கள் மருந்தின் அதே பிராண்ட் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பழம், பிஸ்கட், வறுத்த கடலை, இரண்டு பாட்டில் தண்ணீர், சானிட்டரி நாப்கின், குழந்தைக்கு டயப்பர், டார்ச் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் ஆளுக்கு ஐந்தாயிரமாவது கையில் இருக்கட்டும். கடலுக்கடியில் கொச்சியிலிருந்து போட்ட ஒளியிழைக் கேபிள் 2024 ஜனவரியில் தொடங்கப்பட்ட பிறகு தீவுகளில் இணையம் தேறியிருக்கிறது. இருந்தாலும் ஏ.டி.எம். காலியானால் அடுத்து எப்போது நிரப்புவார்கள் என்று சொல்ல முடியாது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பல் கேன்டீனில் சைவமும் உண்டு. தீவில் காய்கறி எல்லாமே கப்பலில் வருவதுதான். கப்பல் தாமதமானால் தட்டில் காய் இருக்காது. ஊறுகாயும் பருப்புப்பொடியும் கைகொடுக்கும்.

கப்பல் ஏறும் அன்று என்ன நடக்கும்?

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே ஸ்கேனிங் சென்டருக்குப் போய்விடுங்கள். பர்மிட், டிக்கெட், அசல் அடையாள அட்டை மூன்றையும் காகிதத்தில் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்து திண்டாடுவீர்கள். பெட்டிகள் எக்ஸ்ரேயில் போகும். மது எடுத்துப் போகக் கூடாது. பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மதுவிலக்கு உண்டு. ட்ரோன் வைத்திருந்தால் முன்னனுமதிக் கடிதம் வேண்டும். வளர்ப்பு நாயை அழைத்துவர முடியாது, தீவுகளில் நாய்களே இல்லை.

கப்பலில் ஏறியதும் மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது, உங்கள் தளத்திலிருந்து திறந்த தளத்துக்குப் படி எங்கே என்று பார்த்துவைத்துவிட்டுப் பிறகு படுக்கையில் பையை வையுங்கள்.

குமட்டலுக்கு என்ன செய்யலாம்?

முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரத்தில் ஆட்டம் தொடங்கும். வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, அது வயிற்றில் தங்காது. அவோமின் போன்ற மாத்திரையைக் கப்பல் கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். கப்பலின் முனையும் பின்பகுதியும் அதிகம் ஆடும். நடுவிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு. கைப்பேசி பார்ப்பதும் படிப்பதும் நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் கண்ணுக்கு எல்லாம் அசையாமல் தெரியும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர்கிறது. திறந்த தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்த்து நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். வெறும் வயிறும் ஆகாது, பிரியாணியும் ஆகாது. ரொட்டி, பிஸ்கட், இஞ்சி மிட்டாய் போதும். படுத்துவிட்டால் பாதி சரியாகிவிடும்.

தீவில் எப்படி இறங்குவது? கப்பல் கரைக்கே போகாதா?

பலர் எதிர்பார்க்காத இடம் இது. தீவுகள் பவளப்பாறைகளின்மேல் உருவானவை. பல தீவுகளைச் சுற்றி லகூன் எனப்படும் ஆழமில்லாத கடல்நீர்ப் பரப்பும், அதன் விளிம்பில் பாறை வரம்பும் இருக்கும். கப்பல் உள்ளே வந்தால் தரை தட்டும். சில தீவுகளில், கடல் அமைதியாக இருந்தால், கிழக்குப் பக்கப் படகுத்துறையில் கப்பலையே கட்டிவிடுவார்கள். மற்ற நேரங்களில் கப்பல் வெளியே நிற்கும். கரையிலிருந்து எஞ்சின் படகுகள் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக அந்தப் படகுக்கு மாற வேண்டும்.

படகு அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அது மேலே வந்து ஒரு கணம் நிற்கும்போது காலை வைக்க வேண்டும். கீழே போய்க்கொண்டிருக்கும்போது வைத்தால் காலுக்கடியில் படகு இருக்காது. வாசலில் நிற்கும் மாலுமி உங்கள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நேரம் பார்த்துச் சொல்வார். அவர் சொல்லும்போது தயங்காதீர்கள், சொல்வதற்கு முன் குதிக்காதீர்கள். படகின் விளிம்பையும் கப்பலின் சுவரையும் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிய ஆபத்து, இரண்டுக்கும் நடுவில் விரல் நசுங்கிவிடும்.

ஆகவே இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த பெரிய பெட்டியைவிட முதுகில் மாட்டும் பை நல்லது. கூடுதல் சாமானை இரண்டாவது சிறு பையாகக் கட்டி மாலுமியிடம் கொடுத்துவிடலாம். கேமரா, கைப்பேசி, ஆவணங்களைத் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். தெறிக்கும், நனைவீர்கள். குதிகாலில் பட்டை உள்ள செருப்பு போடுங்கள். சேலையும் வேட்டியும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். கைக்குழந்தையை மாலுமியே தூக்கிக் கொடுப்பார், பழகிய கைகள் அவை.

இறங்கியதும் செய்ய வேண்டியது என்ன?

பர்மிட்டைத் தீவின் காவல் நிலையத்தில் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். தொகுப்புச் சுற்றுலா என்றால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது தண்ணீர். மழைநீர் பவள மணலில் இறங்கி, கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதுதான் தீவின் கிணற்று நீர். அதிகம் இறைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு தேற நாளாகும். சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை அமைத்தது. மேற்பரப்பின் வெதுவெதுப்பான கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழத்திலிருந்து குழாயில் எடுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்விக்கும் முறை அது. பின்னர் மற்றத் தீவுகளிலும் அமைத்தார்கள். அப்படிப் பாடுபட்டு எடுக்கும் நீர் என்பதால், வாளியில் அளந்து குளியுங்கள்.

ஊருக்குள் நீச்சலுடையோடு நடக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். வீட்டையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

மொழி?

மலையாளம் ஓரளவு தெரிந்தால் போதும், நிதானமாகப் பேசினால் தமிழே பாதி புரியும். மினிக்காயில் பேசுவது மஹல், மாலத்தீவு மொழியின் உறவு. அங்கும் மலையாளமோ இந்தியோ தெரிந்தவர் கிடைப்பார்.

சங்கு, பவளத் துண்டு எடுத்து வரலாமா?

பவளம் உயிரோடிருந்தாலும் செத்துக் கரை ஒதுங்கியதாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பவளமும் கடலட்டையும் பல வகைச் சங்குகளும் பாதுகாக்கப்பட்டவை. திரும்பும்போது பெட்டியைச் சோதித்தால் மாட்டிக்கொள்வீர்கள், அபராதத்தோடு முடியாமல் வழக்காகவும் ஆகலாம். குழந்தைகள் மணலில் பொறுக்கிப் பையில் போட்டதுகூடச் சிக்கல்தான், கிளம்பும் முன் பைகளை உதறிப் பாருங்கள். தீவில் செய்த மாசிக் கருவாடு, தேங்காயும் வெல்லமும் சேர்த்த இனிப்பு, தேங்காய் வினிகர் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கி வரலாம்.

எந்த மாதம் போவது?

அக்டோபர் முதல் மே நடு வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தீவுக்காரர்களுக்காகக் கப்பல் ஓடும், ஆனால் மேலே சொன்ன படகு மாற்றம் அப்போது மிகக் கடினம். டிசம்பரில் புயல் எச்சரிக்கையைக் கவனியுங்கள். 2017-இல் ஒக்கி குமரியைத் தாக்கிவிட்டு நேராக மினிக்காய், கல்பேனி பக்கம்தான் போனது. கடல் மிகச் சாதுவாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை.

கொச்சியில் கையிருப்பாக வைத்த நாள் மிஞ்சிவிட்டால்?

போர்ட் கொச்சிக்குப் படகில் போங்கள். சீன வலைகளும், வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த புனித பிரான்சிஸ் தேவாலயமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடம் வெள்ளி, சனிகளில் பார்வையாளர்களுக்குத் திறக்காது. டச்சு அரண்மனைக்கும் வெள்ளி விடுமுறை. வில்லிங்டன் தீவையே கவனித்துப் பாருங்கள். 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில், முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிக் கால்வாய் தோண்டி, அள்ளிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. சென்னை ஆளுநராக இருந்து பின்னர் வைஸ்ராயான வில்லிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள்.

அறுபது தாண்டிய பெற்றோரை அழைத்துப் போகலாமா?

படி ஏற முடிந்தால் போகலாம். முழங்கால் வலி, அண்மையில் அறுவை சிகிச்சை, மூச்சுத்திணறல் இருந்தால் விமானத்தில் அகத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதய நோயாளிகள் மருத்துவரிடம் கேட்காமல் வர வேண்டாம். தீவில் நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொண்டுவர ஏற்பாடு உண்டு, ஆனால் வானிலையும் ஹெலிகாப்டர் இருக்கும் இடமும் பொருந்தி வர வேண்டும். போகிறவர்களின் மருந்துச் சீட்டையும் பழைய இ.சி.ஜி.யையும் ஒரு நகல் எடுத்து, ஆவணங்கள் உள்ள அதே தண்ணீர் புகாத உறையில் போட்டுவையுங்கள்.